கொம்பனி ஆண்ட கரை

யாழ்ப்பாணக் கோட்டையை முழுதாகக் கட்டி முடிக்க ஒல்லாந்தருக்கு 1792 வரை பிடித்தது. உள்ளே இருக்கும் ஐங்கோண மதிலும் ஐந்து கொத்தளங்களும் 1680 அளவிலேயே எழும்பிவிட்டன. அகழிக்கு அப்பால் நட்சத்திர வடிவில் விரியும் வெளியரண்களுக்குத்தான் இன்னும் ஒரு நூறு வருடம் போனது. பவளக்கல், சுட்ட சுண்ணாம்பு, பனைமரம், ஊர்ச்சனங்களின் கூலியில்லா உழைப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிக் கட்டிய அந்தக் கோட்டை, முடிந்து மூன்றே வருடத்தில், 1795 செப்டெம்பர் 28ஆம் திகதி, சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் படையிடம் கைமாறியது. சண்டை நடக்கவில்லை.

1658இல் இதே இடத்தைப் பறங்கியரிடமிருந்து, அதாவது போர்த்துக்கேயரிடமிருந்து, பிடிப்பதற்கு ஒல்லாந்தர் மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகை இட வேண்டியிருந்தது. றைக்லொஃப் வான் கூன்ஸ் என்ற தளபதி வெளியே காத்திருக்க, உள்ளே பசியிலும் நோயிலும் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். யூன் மாதத்தில் கோட்டை பணிந்தது. அவ்வளவு வெறியோடு பிடித்ததை 137 வருடங்களுக்குப் பிறகு எதிர்ப்பில்லாமல் கொடுத்துவிட்டுப் போகும் நிலைக்கு ஒரு வல்லரசு எப்படி வந்தது என்ற கேள்வியை, கோட்டை மதிலில் ஏறி நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் கேட்டிருக்கிறேன். அதற்கான பதில் கொழும்பிலும் அம்ஸ்ரர்டாமிலும் மட்டும் கிடப்பதில்லை. பாதிப் பதில் நமது ஊர்களிலேயே கிடக்கிறது.

எங்கள் முன்னோர் ‘கொம்பனி’ என்று சொன்னது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியை. 1602இல் தொடங்கப்பட்டது. பொதுமக்களுக்குப் பங்கு விற்று, அந்தப் பங்குகளை அம்ஸ்ரர்டாமில் கைமாற்ற வழிசெய்த முதற் பெரிய நிறுவனம் அது. வணிக நிறுவனம் என்ற பெயரில் இயங்கினாலும் போர் தொடுக்கவும், அரசர்களோடு உடன்படிக்கை எழுதவும், கோட்டை கட்டவும், நாணயம் அடிக்கவும் அதற்கு உரிமை இருந்தது. யப்பானின் நாகசாக்கி முதல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை அதன் பண்டசாலைகள். சாதிக்காய், கிராம்பு, கறுவா ஆகிய மூன்றிலும் உலகச் சந்தை அதன் பிடியில். இரண்டு நூற்றாண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரை ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கப்பலேற்றியது. அன்றைய உலகில் அதற்கு நிகரான வேறு வணிக நிறுவனம் இல்லை.

அந்த நினைப்பில்தான் இங்கே வந்ததும் அவர்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், ஊர்காவற்றுறையும் வேலணையும் சேர்ந்த தீவு லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ற். இவற்றில் அம்ஸ்ரர்டாம், மிடில்பேர்க், றொட்டர்டாம், டெல்ஃப்ற் ஆகிய நான்கு நகரங்களிலும் கொம்பனியின் சபைக் கிளைகள் இருந்தன. பங்குதாரர்கள் கூடிக் கணக்குப் பார்க்கும் நகரங்களின் பெயரை எங்கள் கடலில் வரிசையாக எழுதினார்கள். கோட்டையின் ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் மாகாணங்களின் பெயர்: ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்திரெக்ட், பிறீஸ்லாந்து.

இன்று புங்குடுதீவில் போய் மிடில்பேர்க் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காரைநகரில் அம்ஸ்ரர்டாம் என்பது பிள்ளைகள் போயிருக்கும் வெளிநாட்டு நகரம். நெடுந்தீவுக்கு மட்டும் ஆங்கில வரைபடத்தில் டெல்ஃப்ற் என்ற பெயர் நின்றுவிட்டது. அதையும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்பவர்கள் வாயால் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் கொம்பனிக்கு என்ன வேலை? கறுவா இங்கே விளைவதில்லை. ஆனால் யானை இருந்தது. வன்னிச் சிற்றரசர்களான வன்னியர்கள் திறையாகக் கொடுக்க வேண்டியதே யானைதான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழங்குறைந்த நீரைக் கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வாங்க வந்தார்கள். முழக்கணக்கில் உயரம் அளந்து விலை பேசுவார்கள். கொம்பனுக்கு விலை கூட. பிறகு சாயவேர். மன்னாரிலும் தீவுகளிலும் மணலில் வளரும் சின்னஞ்சிறு செடியின் வேர். துணிக்குச் சிவப்பேற்ற அதை மிஞ்சிய பொருள் அன்று இல்லை. வேர் கிண்டுவது குறிப்பிட்ட சில சாதியாரின் தலையில் கட்டாயக் கடமையாக இருந்தது. கிண்டியதைக் கொம்பனிக்கு மட்டுமே கொடுக்கலாம். சோழமண்டலக் கரையிலிருந்து நெசவாளரையும் சாயக்காரரையும் அழைத்துவந்து இங்கே குடியேற்றினார்கள். பனைமரம் தமிழ்நாட்டுக் கரைக்குப் போனது. புகையிலை திருவிதாங்கூருக்கும் சுமாத்திராவின் அச்சேக்கும் போனது.

இந்த வரவுக்கு மேலே வரி. தலைவரி, நிலவரி, அதிகாரி வரி, சாதித் தொழிலுக்குக் கட்டும் பணம். அதற்கும் மேலே ஊழியம்: வருடத்தில் இத்தனை நாள் கொம்பனிக்குச் சும்மா வேலை செய்ய வேண்டும். வரத் தவறினால் தண்டப்பணம். கோட்டை மதிலில் உள்ள பவளக்கற்களில் பெரும்பகுதி இந்த ஊழியத்தில் ஏறியவைதான். யாழ்ப்பாணக் கடலோடி சோழமண்டலக் கரைக்குத் தோணி விடவும் கொம்பனியின் அனுமதிச்சீட்டு வேண்டும். கடல் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது என்று 1609இல் நூல் எழுதியவர் ஹியூகோ குறோஷியஸ் என்ற ஒல்லாந்த அறிஞர். போர்த்துக்கேயரின் உரிமைகோரலுக்கு எதிராகக் கொம்பனிக்காக எழுதியது அது. போர்த்துக்கேயர் போனதும் அந்தப் பொதுக்கடலைக் கொம்பனியே பூட்டியது. தோணிக்காரர்களுக்கு இரண்டு எசமானருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

யானை இன்று ஆனையிறவின் பெயரில் மட்டும் இருக்கிறது. ஏ-9 நெடுஞ்சாலையில் பேருந்து அந்த வெட்டவெளியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நீரும் உப்பும்தான் தெரியும். அங்கே 2000இலும் 2009இலும் நடந்த சண்டைகளைத்தான் இப்போது ஆட்கள் நினைக்கிறார்கள். சாயவேரைக் கொன்றது ஆங்கிலேயர்கூட இல்லை, செருமானிய வேதியியலாளர்கள். அந்த வேரில் சிவப்பைக் கொடுக்கும் அலிசரின் என்ற பொருளை 1868இல் ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு மணலில் கிண்டி வேரெடுக்க ஆளில்லை, தேவையுமில்லை. இந்த ஊர்களில் கட்டாயக் கடமையில் முதுகு வளைந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது நல்ல காரியம் என்றே நான் எண்ணுகிறேன்.

பணத்தைவிடக் கொம்பனி பெரிதாகக் கனவு கண்டது சமயத்தில். பறங்கியர் கட்டிய கோயில்களை எடுத்து, குடாநாட்டையும் தீவுகளையும் கோயிற்பற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளிக்கூடம் வைத்தது. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தாய் தகப்பனுக்குத் தண்டம். ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டால்தான் கொம்பனியின் கண்ணில் செல்லும். முதலியார் பதவி வேண்டுமென்றால் கிறிஸ்தவர் என்று பதிய வேண்டும். கொம்பனிப் படையோடு வந்த பிலிப்பு பால்டேயஸ் என்ற போதகர் 1665 வரை இங்கே பணிசெய்தார். மலையாளக் கரையையும் சோழமண்டலத்தையும் இலங்கையையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்தது. எங்கள் கோயில்களையும் வழக்கங்களையும் உற்றுப் பார்த்து எழுதிய மனிதர் அவர். பார்த்ததை மதித்தாரா என்பது வேறு விடயம். 1690இல் நல்லூரில் போதகர்களைப் பயிற்ற ஒரு கல்விக்கூடமும் நிறுவினார்கள். 1706இல் கோட்டைக்குள் சிலுவை வடிவில் ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள்.

தோம்புக் கணக்குப்படி பெருந்தொகையானோர் சீர்திருத்தக் கிறிஸ்தவர். வீட்டுக்குள் விபூதி. ஆங்கிலேயர் வந்து, பதவிக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்றானதும் அந்தக் கிறிஸ்தவம் ஒரு தலைமுறைக்குள் கரைந்தது. கொம்பனி ஆளும்போதே அதன் அடிமண் அரிபட்டுத்தான் இருந்தது. பறங்கியர் 1621இல் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை, குருக்கள் வளவு என்ற இடத்தில் மறுபடி எழுப்பியவர் ஒல்லாந்தரின் கச்சேரியிலேயே சிறாப்பராக இருந்த இரகுநாத மாப்பாண முதலியார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அங்கே பூசை நடந்துகொண்டிருந்தது. வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயிலைக் கட்டியதும் ஒல்லாந்தரின் கடைசி வருடங்களில், அவர்கள் அனுமதியோடு. தூண்டிவிட்டுத் தண்டித்த காலம் போய், பார்த்தும் பாராமல் விடுகிற காலம் வந்துவிட்டது. ஆதிக்கம் தளர்வது கப்பல் எண்ணிக்கையில் தெரிவதற்கு முன்பே இப்படியான விட்டுக்கொடுப்புகளில் தெரிந்துவிடுகிறது.

கத்தோலிக்கர் கதை இதற்கு நேர்மாறு. கொம்பனி அவர்களைப் பகைவரின் சமயத்தார் என்று ஒடுக்கியது. குருமார் நுழையத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் என்ற குரு, பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையை இருப்பிடமாக்கி இரவில் பூசை கொடுத்தார். 1689 நத்தார் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கரைக் கொம்பனியின் ஆட்கள் பிடித்தார்கள். சிலர் சிறையில் இறந்தார்கள். இருந்தும் சில்லாலையிலும் பாசையூரிலும் குருநகரிலும் அந்தச் சமயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. யோசேப்பு வாஸை 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். அரசாங்கத்தின் முழுப் பலத்தோடும் பரப்பிய சமயம் நிலைக்கவில்லை. அரசாங்கத்துக்கு ஒளித்து வைத்திருந்தது நிலைத்தது. சனங்கள் தாங்களாக விரும்பி, இழப்புக்கும் துணிந்து பிடித்துக்கொண்டதற்கும், பதவிக்காகப் பதிந்துகொண்டதற்கும் உள்ள தூரம் அது.

மொழி இன்னும் மோசம். ஒல்லாந்த மொழி யாழ்ப்பாணத்தில் வீட்டு மொழியாக வேர்விடவே இல்லை. ஒல்லாந்த உத்தியோகத்தரின் வீடுகளிலேயே மனைவியும் பிள்ளைகளும் வேலைக்காரரும் பேசியது பறங்கியர் விட்டுச்சென்ற கலப்புப் போர்த்துக்கேய மொழி. தோற்றவனின் மொழியை வென்றவன் தன் அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் பேச்சில் கந்தோர், நொத்தாரிசு, லாச்சி, துட்டு என்று சில சொற்கள் மட்டும் ஒல்லாந்தர் தந்ததாக ஒட்டியிருக்கின்றன. அவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட வருடங்கள் ஆண்டதற்கு அது மிகக் குறைவு.

தேவாலயக் கட்டடங்கள் கைமாறின. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரை விழுந்து கிடந்த பழைய கோயில்களை ஆங்கில அரசு அவர்களிடம் கொடுத்தது. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கியது. குடாநாட்டின் நவீன கல்வியின் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளைத்தது. அந்தப் பழைய வட்டுக்கோட்டைக் கோயில் இன்று தென்னிந்திய திருச்சபையின் பேராலயம். சங்கானையில் கூரையில்லாத மதில்கள் தனியாக நிற்கின்றன.

இனி, கொம்பனி எப்படி விழுந்தது என்பதற்கு வருவோம். ஒரே அடியில் விழவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நாக்கும் உடுப்பும் மாறின. மிளகின் இடத்தைத் தேயிலையும் பருத்தித் துணியும் பிடித்தன. அந்த இரண்டிலும் ஆங்கிலேயர் முந்திக்கொண்டார்கள். கொம்பனியோ பழைய வாசனைத் திரவியங்களைக் காக்கக் கோட்டைகளுக்கும் படைகளுக்கும் செலவழித்துக்கொண்டே இருந்தது. இலங்கையில் 1761 தொடக்கம் 1766 வரை கண்டி அரசோடு நடந்த போர், கறுவாவில் வந்த இலாபத்தைக் கரைத்தது. உத்தியோகத்தருக்குக் குறைந்த சம்பளம்; அவர்கள் கொம்பனிக் கப்பலிலேயே தங்கள் சொந்தச் சரக்கை ஏற்றினார்கள். இலாபம் குறைந்த வருடத்திலும் பங்குதாரருக்குப் பங்கு கொடுக்கக் கடன் வாங்கினார்கள். வருமானம் நின்ற பெரிய வீடு ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கடன்பட்டுக் கலியாணம் செய்வதுபோல.

1780இல் ஆங்கிலேயரோடு வெடித்த போர் மீதியை முடித்தது. நான்கு வருடத்தில் கப்பல்கள் பிடிபட்டன, சரக்கு வந்துசேரவில்லை, கடன் ஏறியது. கடைசியில் கடன் பத்துக் கோடி கில்டரைத் தாண்டியது. 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைய, நாட்டுத் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே கியூ என்ற இடத்திலிருந்து, கடல்கடந்த கோட்டைகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி தன் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். ஓகஸ்ட் மாதம் திருகோணமலை விழுந்தது; செப்டெம்பரில் யாழ்ப்பாணம்; 1796 பெப்ரவரியில் கொழும்பு. அதே 1796இல் கொம்பனியை ஒல்லாந்த அரசு எடுத்துக்கொண்டது. 1799 திசெம்பர் 31ஆம் திகதி அது சட்டப்படி இல்லாமற் போனது. கொம்பனியின் பெயர் எழுத்துகளை விரித்து, ஊழலில் அழிந்தது என்று பொருள்படும் ஒரு வாசகத்தை அந்த நாட்டுச் சனங்களே செய்து வைத்திருக்கிறார்கள். ஊழல் இருந்தது உண்மை. ஆனால் வளர்ந்த காலத்திலும் ஊழல் இருந்தது. உலகம் வேறு பொருள் கேட்கத் தொடங்கிய பிறகும் பழைய பொருளின் காவலிலேயே பணத்தைப் புதைத்ததுதான் பெரிய பிழை என்று நான் நினைக்கிறேன். 1792 வரை நீண்ட கோட்டை வேலையே அதற்குச் சாட்சி.

கோட்டைக்குப் பிறகு வந்த எசமானர்கள் பலர். ஆங்கிலேயர் காலத்தில் அது அரச உத்தியோகத்தர் குடியிருக்கும் இடம், சிறைச்சாலை. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் இளம் அதிகாரியாக 1905இல் இங்கே வந்தபோது கோட்டைக்குள்தான் தங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு காவற்றுறை, பிறகு இராணுவம். 1990இல் விடுதலைப் புலிகள் பல வாரம் முற்றுகையிட, செப்டெம்பரில் இராணுவம் வெளியேறியது. கோட்டைக்குள் இருந்தவற்றில் பெரும்பகுதி அந்த வருடங்களில் அழிந்தது. 1706இல் கட்டிய தேவாலயம் வெறும் கற்குவியலாகக் கிடந்தது. இருநூறு வருடம் போர் காணாமல் நின்ற கட்டடம் எங்கள் காலத்தில் போனது. அந்தப் பழியை ஒல்லாந்தர்மேல் போட முடியாது.

2009க்குப் பிறகு தொல்லியல் திணைக்களம் மதில்களைத் திருத்தத் தொடங்கியபோது அதற்கு நெதர்லாந்து அரசு பணம் கொடுத்தது. விழுந்த பவளக்கற்களைத் தேடி எடுத்து அடுக்கினார்கள். தேவாலயம் எழும்பவில்லை. பின்னேரங்களில் முற்றவெளிப் பக்கமிருந்து சனங்கள் வந்து மதிலில் நடக்கிறார்கள். பண்ணைக் கடலில் சூரியன் விழுவதைப் படம்பிடிக்கிறார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை இப்போது கடற்படை நடத்தும் விடுதி. சிறைக்கூடமாக இருந்த அறையில் விருந்தினர் படுக்கலாம். நெடுந்தீவில் பவளக்கல் வேலிகளுக்கிடையே மட்டக்குதிரைகள் சொந்தக்காரர் இல்லாமல் மேய்கின்றன; ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. கடும் வரட்சி வந்தால் தண்ணீர் இல்லாமல் சாகின்றன. அவற்றுக்கு ஒழுங்கான தண்ணீர்த் தொட்டிகள் வேண்டும். கோட்டைக்குச் செலவழித்ததில் சிறு பங்கு போதும்.

கோட்டைக்குள் அகழ்ந்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் தோண்டிய குழிகளில், ஒல்லாந்தருக்கும் பறங்கியருக்கும் பல நூற்றாண்டு முந்திய மட்பாண்டங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவின், சீனாவின், மேற்காசியாவின் ஓடுகள். ஐரோப்பியர் வந்துதான் இந்தக் கரையை உலகச் சந்தையோடு இணைத்தார்கள் என்ற பேச்சு அந்தக் குழிகளோடு முடிந்தது. கோட்டைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. கல் சுமந்த ஊழியக்காரரைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாமல் அந்த மதிலில் ஒரு கல்லும் ஏறவில்லை.

கொம்பனி விட்டுச்சென்றதில் இன்னும் உயிரோடு ஆள்வது ஒன்று உண்டு. அது கோட்டையிலும் கோயிலிலும் இல்லை, ஒவ்வொரு வீட்டுக் காணி உறுதியிலும் இருக்கிறது. 1706இல் இலங்கை ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ், யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் திரட்டும்படி கட்டளையிட்டார். பல காலம் இங்கே வாழ்ந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி, 1707 சனவரியில் கொடுத்தார். யான் பீரூஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலியார்கள் வாசித்துப் பார்த்து, சரி என்று ஒப்பமிட்டார்கள். அதுதான் தேசவழமை. நீதிமன்றத்தில் வழக்குத் தீர்க்க வசதிக்காகச் செய்த வேலை; கொம்பனியின் கணக்கில் அதற்குப் பெரிய மதிப்பு இருந்திருக்காது. யானையும் சாயவேரும்தான் அவர்களுக்குப் பெரிது.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை அப்படியே சட்டமாக ஏற்றார்கள். 1911இலும் 1947இலும் திருத்தங்கள் வந்தன. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொத்தின் மூன்று பிரிவும் இன்றும் நொத்தாரிசின் மேசையில் பேசப்படுகின்றன. பங்குக் காணியை விற்பதென்றால் மற்றப் பங்காளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற முறையும் நிற்கிறது. ஒற்றிக்குக் கொடுத்த காணியைப் பற்றிய ஏற்பாடுகளுக்கும் வேர் அங்கேதான். சீதனம் மகளின் சொத்தாக நிற்பதால் எத்தனையோ பெண்களுக்கு ஒரு வீடும் வளவும் தங்கள் பெயரில் இருந்தது. போர்க்காலத்தில் கணவனை இழந்தவர்களுக்கு அது ஒதுங்க இடம் கொடுத்தது.

ஆனாலும் இதைக் கொண்டாடி மட்டும் விட்டுவிட முடியாது. 1707இல் கேட்கப்பட்டது பன்னிரண்டு முதலியார்களின் குரல். பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. அடிமைகளாக வைக்கப்பட்ட கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் பற்றிய பகுதி எழுதப்பட்டபோது அவர்களிடமும் கேட்கவில்லை. ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்த வழக்கம், அதிகாரம் உள்ளவர்கள் சொன்னபடி தாளில் ஏறி உறைந்தது. பறங்கியர் காலத்திலேயே பழைய முறை மாறிவிட்டது என்று அந்த நூலே சொல்கிறது. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் திருமணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கணவன் விட்டுவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்தில் ஏற வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் இத்தனை பேர் வாழும் மண்ணில் இந்த விதி எவ்வளவு கொடுமை என்பதை விளக்கத் தேவையில்லை. இதை எடுத்துவிட வேண்டும். வழமை என்பதற்காகக் காப்பாற்ற வேண்டிய பகுதி இது இல்லை.

தேசவழமை பேசாத இடங்களில் இலங்கை நீதிமன்றங்கள் நாடுவது உரோம-ஒல்லாந்தச் சட்டத்தை. கடல் எல்லாருக்கும் பொது என்று எழுதிய அதே குறோஷியஸின் சட்டநூல் கொழும்பு உயர்நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாக வருகிறது. ஒல்லாந்தில் அந்தச் சட்டம் இப்போது இல்லை. நெப்போலியனின் ஆதிக்கத்தில் 1809இல் அங்கே புதிய சட்டத்தொகுப்பு வந்து, பழையது ஓரங்கட்டப்பட்டது. அது வாழ்வது தென்னாபிரிக்கா, இலங்கை போன்ற சில நாடுகளில்தான்.

நெதர்லாந்து இன்று ஏழை நாடு இல்லை. வளமான சிறிய நாடு. உலகத்தை ஆளும் ஆசை போன பிறகும் சனங்கள் நன்றாக வாழ முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு. 1980களின் நடுவில் எங்கள் ஆட்கள் அகதிகளாக அங்கே போய் இறங்கினார்கள். வடக்கே டென் ஹெல்டர் என்ற துறைமுக நகரில் ஒரு பிள்ளையார் கோயில் எழுப்பியிருக்கிறார்கள்: ஸ்ரீ வரதராஜ செல்வவிநாயகர். அந்த நகருக்கு எதிரே தெரிவது தெக்செல் தீவு. ஆசியாவுக்குப் புறப்பட்ட கொம்பனிக் கப்பல்கள் காற்றுக்காகக் காத்து நங்கூரமிட்டது அந்தத் தீவோரத்தில்தான். வான் கூன்ஸின் காலத்துக் கப்பல்களும் அதே நீரைத் தாண்டித்தான் வந்தன.

அங்கே வாழ்பவர்கள் வாங்கும் வீட்டுக்குப் பொருந்துவது நெதர்லாந்தின் புதிய சட்டம். புங்குடுதீவிலோ வேலணையிலோ கிடக்கும் தாய்வழிக் காணியை விற்பதென்றால் அற்றோணித் தத்துவம் எழுதி இங்கே உள்ள உறவினருக்கு அனுப்புகிறார்கள். இங்கே நொத்தாரிசு உறுதியைத் திருப்பிப் பார்த்து, இது சீதனமா, முதுசமா, பங்காளர் எத்தனை பேர், அவர்களுக்கு அறிவித்தாகிவிட்டதா, பெண் கையெழுத்துப் போட்டால் கணவனின் சம்மதம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பங்காளரில் ஒருவர் கனடாவில், ஒருவர் பாரிசில், ஒருவரின் முகவரி யாருக்கும் தெரியாது. அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கும் வரை காணி வடலி முளைத்துக் கிடக்கிறது.